முதல் பெட்டி

ஒரு பெட்டிக்கு ஒரு வேலைதான். ஓர் அம்புக்கு ஒரு பொருள்தான். தண்ணீர் போகும் வழிக்கு முழுக்கோடு, மின்சாரம் போகும் வழிக்கு விட்டுவிட்டு வரும் கோடு. கோடு கோட்டை வெட்டக் கூடாது. வெட்டினால் பெட்டிகளை மாற்றி அடுக்க வேண்டும். பிளாக் டயகிராம் என்பது இவ்வளவுதான். குடிநீர்த் திட்டங்களுக்குப் படம் போடும் பிரிவில் இருந்த காலம் முழுவதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டுப் போய், ஒரே பெட்டிக்குள் ‘மோட்டார், வால்வு, தொட்டி மற்றும் பிற’ என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினார்கள். ‘மற்றும் பிற’ என்பது எந்தக் கடையில் விற்கும் சாமான் என்று கேட்டதற்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கினேன். பணி ஓய்வு நாளில் அதே வாய்கள் என்னைத் துறையின் சொத்து என்று புகழ்ந்து, சந்தன மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பின. கடிகாரம் ஓடவில்லை. உள்ளே பேட்டரி போடவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறோம். என் மனைவியின் ஊர் திருச்சுழிக்கு அப்பால், குண்டாற்றங்கரையில் இருக்கிறது. அவளுடைய அண்ணன் அங்கே கடை வைத்திருக்கிறார். மளிகை, உரம், பருத்தி விதை, செல்போன் ரீசார்ஜ், எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஊருக்காகப் பேசுகிறவரும் அவர்தான். தேர்தலில் நின்றதில்லை, நிற்கிறவர்கள் அவர் கடையில் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்பார்கள்.

ஒருநாள் அவர் போன் செய்தார்.

“மாப்ள, சும்மாதான இருக்கீக?”

ஓய்வுபெற்றவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது ஒன்றுதான். ஊருக்குப் புதிய குடிநீர்த் திட்டம் வருகிறதாம். ஆற்றுப் படுகையில் புதுக் கிணறு, மோட்டார், புதுக் குழாய். கிராமசபையில் தீர்மானம் போட வேண்டும். அத்துடன் பொதுமக்களுக்குப் புரியும்படி ஒரே பக்கத்தில் ஒரு பிளாக் டயகிராம் வைக்க வேண்டும். முறைப்படி அதை வரைய வேண்டியவர் துறையின் உதவிப் பொறியாளர். அவர் கையில் காரியாபட்டி தொடங்கிக் கணக்கற்ற ஊர்கள் இருப்பதால், வரைவுப் படத்தைப் பஞ்சாயத்தே கொடுத்துவிட்டால் நல்லது என்று சொன்னாராம். விதியில் அப்படி ஏதும் இல்லை என்றேன்.

“விதியெல்லாம் நீக பெறகு பேசுங்க மாப்ள. மொதல்ல பஸ்ஸு ஏறுங்க.”

ஏறினேன். படத்தை உட்கார்ந்த இடத்தில் வரைகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவன் நான். அதனால் மோட்டார் போடும் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு ஆற்றிலிருந்தே நடக்கத் தொடங்கினேன். ஆறு என்பது பெயருக்குத்தான். மணலும் சீமைக்கருவேலமும் போட்டி போட்டு வளர்ந்து கிடக்கின்றன. கரை ஏறினால் முதலில் வருவது காலனி. அதற்குப் பிறகு நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே போய் மேலத்தெருவில் முடிகிறது. என் மைத்துனரின் கடையும் வீடும் அங்கேதான். ஆற்றிலிருந்து மேலத்தெருவுக்குக் குழாய் போக வேண்டுமானால் காலனியின் நடுத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். பூமி அப்படி அமைந்திருக்கிறது.

காலனிக்காரர்கள் ஒரு காலத்தில் மேலத்தெருவின் கரிசல் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது காட்டுக்கு யாரும் போவதில்லை. நூல் மில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஆண்கள் மதுரையில் கொத்து வேலை, திருப்பூரில் பனியன் வேலை. அந்தத் தெருவின் வார்டு மெம்பரும் மில்லுக்குப் போகிறவர்தான். ஷிப்டு முடிந்து வேனிலிருந்து இறங்கியவர், தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டபடியே என்னோடு நடந்து வந்தார்.

“சார், நீக போடுற படத்துல எங்க தெரு வருமா?”

“வரும்மா.”

“போன திட்டத்துலயும் வந்துச்சு. கடைசியில.”

அதன் பொருளை ஆபரேட்டர் சொன்னார். பழைய திட்டத்தில் தண்ணீர் நேராக மேலத்தெருத் தொட்டிக்கு ஏறும். அங்கே வீடுவீடாகப் போய்விட்டு, மிச்சம் இருந்தால் காலனிக்கு இறங்கும். மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு குழாயிலேயே சின்ன மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அது சட்டவிரோதம். என் மைத்துனர் வீட்டிலும் ஒன்று உண்டு. துளசி மாடத்துக்குப் பின்னால், கோணி போட்டு மூடியபடி.

“எங்களுக்கு வர்றது காத்து மட்டுந்தான் சார்,” என்றார் மெம்பர். “குழாயத் தொறந்தா புஸ்ஸுன்னு சத்தம். சின்னப்பிள்ளைக பாம்புன்னு அலறி ஓடிருச்சுக.”

இந்தத் தடவை அப்படி இல்லை என்றேன். மேலே ஏறும் குழாய் உங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. அதில் இங்கேயே ஒரு கிளை பிரித்து, உங்கள் தொட்டியை முதலில் நிரப்பிவிடலாம். நிரம்பியதும் மிதவை வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எல்லாத் தண்ணீரும் மேலே போகும். மேலத்தெருவுக்கு ஒரு சொட்டும் குறையாது, மோட்டார் சற்றுக் கூடுதல் நேரம் ஓடினால் போதும்.

“இத எழுதிட்டீகளா சார்?”

“வரைஞ்சுருவேன்.”

“வரைஞ்சா மாத்த மாட்டாகளா?”

படம் சரியாக இருந்தால் மாற்ற வேண்டிய தேவையே வராது என்று சொன்னேன். அத்தனை காலம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் சொல்லும் பேச்சா அது?

படத்தை அன்றைக்கே வரைந்து முடித்தேன். இடமிருந்து வலமாக: ஆற்றுக்கிணறு, மோட்டார் அறை, காலனித் தொட்டி, மேலத்தெரு மேல்நிலைத் தொட்டி, வீட்டுக் குழாய்கள். அம்புகளின் மேல் குழாயின் அளவு. எந்தக் கோடும் எதையும் வெட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் ஒரே பார்வையில் விளங்கும். விளங்கிவிட்டதுதான் சங்கடம்.

கடையில் உர மூட்டைகளின் மேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாக விரலை நகர்த்தினார். மூன்றாவது பெட்டியில் விரல் நின்றுவிட்டது.

“மாப்ள, படமெல்லாம் அம்சமா இருக்கு. கெணறு, மோட்டாரு சரி. ஊருன்னு வரும்போது மொதப் பெட்டியில என்னமோ எழுதிருக்கீகளே?”

“காலனித் தொட்டி மச்சான்.”

“அது ஏன் மொதல்ல வருது?”

“குழாய் அந்த வழியாத்தான வருது.”

“குழாய் வரட்டும். யாரு வேண்டாமுன்னா? படத்துல ஏன் வரணும்?”

எனக்குப் புரியவில்லை. மூட்டையில் உட்கார்ந்திருந்த ஒருவர் உதவிக்கு வந்தார்.

“கோயில்ல விபூதி வாங்குற வரிசை தெரியாதவுக மாதிரி பேசுறீகளே சார்.”

அந்த ஊர்ப் பொங்கலில் பூசாரி தட்டை யாரிடம் முதலில் நீட்டுவார், அடுத்து யாரிடம் நீட்டுவார் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. மேலத்தெருக்காரர்களே தமக்குள் அந்த வரிசைக்காக அடித்துக்கொண்டு, பொங்கலே நின்றுபோன வருடங்கள் உண்டு. அந்த வரிசையில் காலனி எங்குமே கிடையாது. வரிசை முடிந்து, தட்டைத் துடைத்து வைத்த பிறகு, வெளியே நிற்கிறவர்கள் தாங்களே எடுத்துப் பூசிக்கொள்ள வேண்டும். என் படத்தை இவர்கள் அந்தக் கண்ணோடு படித்திருந்தார்கள். பெட்டி என்றால் ஆள். அம்பு என்றால் தட்டு. எத்தனையோ பொறியாளர்கள் எத்தனையோ விதமாகத் தப்பாகப் படித்துப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வாசிப்பு எனக்குப் புதிது.

“தண்ணிக்கு யாரு மொதல்லன்னு தெரியாது மச்சான். பள்ளம் மேடுதான் தெரியும்.”

“தண்ணிக்குத் தெரியாட்டி என்ன, எங்களுக்குத் தெரியும்ல?” என்றார் மைத்துனர். “நாளைக்கு இதப் பெயிண்டுல எழுதி பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல போடுவாக. பொண்ணு பாக்க வர்றவுக அத நின்னு வாசிச்சா என்ன நெனப்பாக? ஏன், எல்லாத்தையும் சேத்து ‘ஊர்’னு ஒத்தப் பெட்டியாப் போட்டா என்னவாம்? நம்ம எல்லாம் ஒண்ணுதான? நீகதான் மாப்ள படத்தப் போட்டு ஊரப் பிரிக்கிறீக.”

சுடுகாட்டுப் பாதைகூடத் தனித்தனியாக உள்ள ஊரில், காகிதத்தில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. ஒரே பெட்டியாகப் போட்டால் கிளை எங்கே பிரிகிறது என்பது படத்தில் இருக்காது. படத்தில் இல்லாதது மதிப்பீட்டில் வராது. மதிப்பீட்டில் வராததை எந்த ஒப்பந்ததாரரும் பதிக்க மாட்டார். இதைப் பொறுமையாகச் சொன்னேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார்கள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அதே படத்தைக் கீழிருந்து மேலாக வரைந்தேன். அடியில் ஆற்றுக்கிணறு, அதற்கு மேலே மோட்டார், அதற்கு மேலே காலனி, உச்சியில் மேலத்தெரு. பெட்டியும் மாறவில்லை, அம்பும் மாறவில்லை. நிலத்தின் ஏற்றமும் அப்படித்தான் என்பதால் படம் முன்னைவிடத் தெளிவாகவே இருந்தது. மைத்துனரின் முகம் மலர்ந்துவிட்டது.

“இது படம்! மேலத்தெரு மேல. அது அது அதது எடத்துல.”

எல்லோரும் திருப்தி. நானும்தான், பொறியியலையும் கெடுக்காமல் ஊரையும் சமாளித்துவிட்டதாக நினைத்து, பஸ்ஸில் வீடு வரும்வரை மனதுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். “எங்கண்ணன் சொன்னா காரணம் இல்லாமலா இருக்கும்?” என்றாள் என் மனைவி.

கிராமசபை கூடியது. பஞ்சாயத்து எழுத்தர் என் படத்தைப் பார்த்துத் தீர்மானத்தை எழுதினார். எழுதுகிறவர்கள் மேலிருந்துதானே படிப்பார்கள்? ‘ஆற்றுக்கிணற்றிலிருந்து மேலத்தெரு மேல்நிலைத் தொட்டிக்கும், அதனைத் தொடர்ந்து காலனித் தொட்டிக்கும் குடிநீர் வழங்குவதென’ என்று எழுதி வாசித்தார். எல்லோரும் கைதூக்கினார்கள். காலனிக்காரர்களும் தூக்கினார்கள், தங்கள் தொட்டியின் பெயர் வந்ததே என்று. ஊர்க்காரன் அல்லாததால் நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. தீர்மானமும் படமும் துறைக்குப் போயின. துறையின் அச்சுப் படிவத்தில் பெட்டிகள் இடமிருந்து வலமாகவே இருக்கும், அம்புகள் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். பெயரை மட்டும் நிரப்ப வேண்டும். உதவிப் பொறியாளர் தீர்மானத்தைப் பார்த்து நிரப்பினார். படத்துக்கும் தீர்மானத்துக்கும் முரண் வந்தால் தீர்மானமே செல்லும். அந்த விதி எனக்கு மனப்பாடம்.

என் மனைவிக்கு முழங்கால் அறுவை நடந்து, பல மாதங்கள் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு காதுகுத்துக்காகப் போனபோது குழாய்ப் பள்ளங்கள் மூடப்பட்டு, மேலே சிமெண்ட் பூசியாகிவிட்டது. பஞ்சாயத்துச் சுவரில் படம் பளபளவென்று இருந்தது. கிணறு, மோட்டார், மேலத்தெரு, காலனி. மூலையில் ‘வரைபடம்: பணி நிறைவுற்ற பொறியாளர்’ என்று என் பெயர். பெயரில் மட்டும் எழுத்துப்பிழை இல்லை.

வார்டு மெம்பர் என்னைத் தேடிக் காதுகுத்து நடந்த மண்டப வாசலுக்கே வந்துவிட்டார்.

“சார், கொஞ்சம் எங்க தெருவுக்கு வாங்க.”

கூட்டிக்கொண்டு போய்த் தெரு நடுவில் நிறுத்தினார். அவ்வேளை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“குனிஞ்சு காத வச்சுக் கேளுங்க.”

குனிய வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டது. காலுக்கு அடியில் தண்ணீர் இரைந்துகொண்டு போயிற்று.

“போகுது சார். எங்க வாசப்படிக்குக் கீழேயே போகுது. மேல போயி, அங்க குளிச்சு, மாட்டக் கழுவி, செடிக்கு ஊத்தி, மிச்சமிருந்தா இன்னொரு குழாயில திரும்பி வருமாம். நீக என்னமோ கிளைன்னு சொன்னீகளே, அது எங்க சார்?”

நான் உதவிப் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். இளைஞர். எழுந்து நின்று வணங்கினார். எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் என்னிடம் உட்கார்ந்தவராம்.

“பெட்டிய இடம் மாத்திட்டீங்களே தம்பி?”

“சார், பிளாக் டயகிராமுக்கு ஸ்கேல் கிடையாது, திசை கிடையாது, பெட்டி எங்க வேணா இருக்கலாம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

சொன்னது உண்மை. அதற்கு அடுத்த வரி, அம்புகளை மட்டும் மாற்றாதே என்பது. அந்த வரியின்போது அவர் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும்.

திருத்தம் கோரும் நடைமுறை ஒன்று இருக்கிறது. மாறுதல் அறிக்கை எழுத வேண்டும், திருத்திய படம் இணைக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும். மெம்பரின் கையெழுத்தோடு ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். ஒழுங்காகத் திரும்பி வந்தது. பஞ்சாயத்தின் புதுத் தீர்மானம் வேண்டுமாம். மைத்துனரிடம் கேட்டேன்.

“இப்பத்தான மாப்ள பெயிண்டே காஞ்சிருக்கு,” என்றார்.

அதற்கிடையில் காலனிக்குத் தண்ணீர் வந்தது. துறையின் வழியாக அல்ல. மேலே ஏறும் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளாமல் இருக்க, இடையில் ஏர் வால்வு ஒன்று வைப்பார்கள். காலனித் தெருவில் வைத்த அந்த வால்வு கசியத் தொடங்கியது. தானாகவா, யாராவது தளர்த்தினார்களா என்று நான் விசாரிக்கவில்லை. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் வால்வைச் சுற்றிக் குடங்கள் வரிசையில் இருந்தன. துறை தராத கிளையை ஒரு பழுது தந்துவிட்டது. பிறகு மேலத்தெருத் தொட்டி நிரம்பத் தாமதமாகிறது என்று புகார் போயிற்று. புகார் என்றால் அந்தத் துறைக்கு எவ்வளவு வேகமாக நடக்கத் தெரியும் என்பதை அப்போது கண்டேன்.

வால்வைக் கழற்றிப் புதிது மாட்டி, அதைச் சுற்றிக் கான்கிரீட் தொட்டி கட்டிப் பூட்டுப் போட ஆள் வந்தார்கள். காலனிப் பெண்கள் வால்வைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். உதவிப் பொறியாளர் எனக்குப் போன் செய்தார். “சார், நீங்க சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் வந்து எடுத்துச் சொல்லுங்க.” என் மனைவி கதவுக்கு அருகில் நின்று, “அண்ணன் மொகத்துல நான் முழிக்கணும், பாத்துப் பேசுங்க” என்றாள்.

போனபோது பொறியாளரோடு மைத்துனரும் அங்கே பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். நடுவில் உட்கார்ந்திருந்த மெம்பர் எழுந்திருக்காமலே கேட்டார்.

“நீகளே சொல்லுங்க சார். நாங்க எந்திரிக்கணுமா?”

அரசுப் பணியைத் தடுப்பது குற்றம். எந்தப் பிரிவு என்றுகூடத் தெரியும். அதைச் சொல்லத்தான் என்னை வரவழைத்திருந்தார்கள். நான் பொறியாளரிடம் திரும்பினேன்.

“குழாய அடைச்சு வேலை பாக்குறதுக்கு முன்னாடி, அந்தத் தெருவுல நோட்டீஸ் ஒட்டணுமே தம்பி. ஒட்டிட்டீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “இந்தத் தெருவுக்குத்தான் இந்தக் குழாய்ல தண்ணியே இல்லையே சார். எதுக்கு நோட்டீஸ்?”

“சரி. அத அப்படியே எழுதிக் குடுங்க. இந்தத் தெருவுக்குத் தண்ணி இல்லன்னு. கையெழுத்து, முத்திரையோட.”

சிரிப்பு நின்றது. பணி நிறைவுச் சான்றில் காலனிக்கும் குடிநீர் வழங்கியாயிற்று என்று அவர்தான் கையெழுத்திட்டிருந்தார். எழுதிக் கொடுத்தால் அந்தச் சான்று பொய். எழுதாவிட்டால் நோட்டீஸ் ஒட்டியாக வேண்டும். அதற்கு மேலிடத்து ஒப்பம் வேண்டும். அவர்கள் எந்த வேகத்தில் ஒப்பம் இடுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“நீகல்லாம் படிச்சதே இதுக்குத்தானா மாப்ள?” என்றார் மைத்துனர். பதிலுக்கு நிற்காமல் பைக்கை உதைத்துக் கிளப்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. என் மனைவியோடு பேசுகிறார்; நான் எடுத்தால் வைத்துவிடுகிறார்.

வேலையாட்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். பெண்கள் எழுந்து குடங்களை எடுக்கப் போனார்கள்.

“எம்புட்டு நாளைக்கு சார்?” என்று கேட்டார் மெம்பர்.

“நோட்டீஸ் வர்ற வரைக்கும்.”

“வந்துட்டா?”

வரும். அதன் வாசகம்கூட எனக்குத் தெரியும். அந்த மாதிரிப் படிவத்தை ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். அது வந்த பிறகு வேலையைத் தடுக்க விதியில் வேறு இடம் இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நிரம்பிய குடத்தை நகர்த்திவிட்டு அடுத்த குடத்தை வைத்தார். வால்வின் இடுக்கிலிருந்து சிதறிய தண்ணீர் பாதி குடத்திலும் பாதி மண்ணிலும் விழுந்துகொண்டிருந்தது. மண்ணில் விழுவதைப் பிடிக்க இன்னொருவர் ஒரு தட்டைக் கொண்டுவந்து அடியில் நுழைத்தார்.